அணில் வாங்கிய பொந்து

மழை பிடித்தால் விடவே விடாத ஒரு மலைக் காட்டில் அணில் ஒன்று இருந்தது. பிள்ளைகளே, அந்தக் காட்டில் சொந்தமாகப் பொந்து வைத்திருப்பவர்தான் பெரிய புள்ளி. மழைக்காலம் வந்தால் போதும், இடமில்லாத பிராணிகள் எல்லாம் பொந்துக்காரர்களைத் தேடி வரும். பழமோ கிழங்கோ வாடகையாகக் கொடுத்துவிட்டு ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளும்.

நம் அணிலுக்குப் பொந்து கிடையாது. கிளை நுனியில் இலையும் நாரும் வைத்துக் கட்டிய கூட்டில்தான் வாசம். ஆனால் மகா சிக்கனம். கையில் கிடைத்த பலாக்கொட்டையைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்து வைத்துவிடும். அப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த கொட்டைகள் ஒரு பாறை இடுக்கு நிறைய இருந்தன.

பனிக்காலத்தில் பொந்துகளின் விலை இறங்கும். அப்போது ஒன்றை வாங்கிப் போட்டால் மழைக்கு வாடகைக்கு விடலாம், அப்புறம் ஆயுசுக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அணில் கணக்குப் போட்டது.

பொந்து வாங்க வேண்டுமானால் தரகர் வேண்டும். காட்டின் தரகர்கள் எல்லாரும் காலை நேரத்தில் ஓர் ஆலமரத்தடியில் கூடுவார்கள். அணில் முதலில் காகத்திடம் போனது.

"இதுக்கு முன்னாடி பொந்து ஏதாவது வாங்கியிருக்கியா?" என்று கேட்டது காகம்.

"இல்லீங்க, இதுதான் முதல் தடவை."

காகம் சிரித்தது. "முதல் தடவை வர்றவங்களுக்கு நான் பார்க்கிறதில்லைப்பா. காடு முழுக்கச் சுத்திக் காட்டச் சொல்வீங்க. இது சின்னது, அது வெக்கைன்னு குறை சொல்வீங்க. கடைசியில, யோசிச்சுச் சொல்றேன்னு போனா திரும்பி வரவே மாட்டீங்க. தேயறது என் றெக்கைதான்."

கீரி அதைவிட மோசம். அணில் பேசி முடிப்பதற்குள், பல வளைகளுக்குச் சொந்தக்காரரான முள்ளம்பன்றி வந்துவிட்டார் என்று எழுந்து ஓடியது. "நீ ஓரமா நில்லு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

ஆலமரத்தடியில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அணிலுக்கு முகம் சுருங்கிவிட்டது. தெரியாத கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்தவன் மாதிரி அது நெளிந்தது.

"தம்பி, இங்கே வா. நான் பார்த்துத் தரேன்," என்று மேலே இருந்து ஒரு குரல் கேட்டது.

அது மரங்கொத்தி. அதுவும் தரகர்தான்.

"மரங்கொத்தியாரே, உமக்கு வேற வேலை இல்லையா? இவங்களை நம்பி அலைஞ்சா நீர் பட்டினிதான்," என்றது காகம்.

"நானும் நீரும் ஒரு காலத்தில புது ஆளுங்கதானே," என்றது மரங்கொத்தி.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தரகருக்கு முன்கூட்டி எதுவும் தர வேண்டாம். பொந்து கைமாறி, முதல் மழைக்கால வாடகை வந்த பிறகு, அதில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். வாங்காமல் போய்விட்டால் தரகர் அலைந்த அலைச்சலுக்குக் கூலி கிடையாது.

"உங்க பங்கை மறக்கவே மாட்டேங்க," என்றது அணில்.

"அதுக்கென்ன அவசரம். முதல்ல நல்ல பொந்தாப் பார்ப்போம்," என்றது மரங்கொத்தி.

பார்த்தார்கள். காட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தார்கள். மரங்கொத்தி ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்க்கும். "வாய் பெரிசா இருக்குன்னு மயங்காதே தம்பி, மேல விரிசல் இருக்கு, தண்ணி இறங்கும்," என்று சொல்லும். "இங்கே கரையான் ஏறியிருக்கு, ரெண்டு மழை தாங்காது," என்று சொல்லும். அணில் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டது. மரங்கொத்தி ஒரு முறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

கடைசியில் ஓர் உயரமான மருத மரத்தில் ஒரு பொந்து அகப்பட்டது. அகலமான பொந்து. வாசலில் ஓர் உடும்பு படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"எனக்கு வயசாயிடுச்சு. ஏறி இறங்க முடியலை. கொடுத்துட்டு ஆத்தங்கரைக்குப் போயிடலாம்னு இருக்கேன்," என்றது உடும்பு.

அணிலுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. மரங்கொத்தி சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தது. மரம் உறுதியாக இருந்தது. ஆனால் வாசல் ஓரத்தில் காய்ந்த மண் ஒட்டிக்கொண்டிருந்தது. மரங்கொத்தி அதை அலகால் சுரண்டிப் பார்த்தது.

"இது என்ன மண்ணு?"

"காத்துல வந்து ஒட்டியிருக்கும்," என்றது உடும்பு, வேறு பக்கம் பார்த்தபடி.

திரும்பி வரும்போது மரங்கொத்தி சொன்னது: "தம்பி, பொந்து நல்ல பொந்துதான். ஆனா வாசல்ல யாரோ மண்ணு குழைச்சுப் பூசியிருக்காங்க. உடும்பு அந்த வேலை செய்யாது. இது வேற யாரோட சொத்தோன்னு எனக்குச் சந்தேகம். மலைக்கு அந்தப் பக்கம் போய் விசாரிச்சுட்டு வரேன். அதுவரைக்கும் உடும்புகிட்டப் பேச்சு வச்சுக்காதே."

"சரிங்க," என்றது அணில்.

மரங்கொத்தி மலைக்கு மேலே பறந்து போனது. அணில் கூட்டுக்கு வந்து படுத்தது. படுத்த பிறகுதான் அந்தப் பங்கு ஞாபகம் வந்தது. நல்ல நல்ல பழங்களாகப் பார்த்து, ஒரு குவியலை எடுத்து மரங்கொத்தியின் முன்னால் வைப்பதுபோல் நினைத்துப் பார்த்தது. தட்டிப் பார்க்கிற வேலைக்கு இவ்வளவா என்று நினைத்தது.

மறுநாள் உடும்பு கூட்டுக்கு அடியிலேயே வந்து நின்றது.

"என்ன தம்பி, பிடிச்சுதா?"

"பிடிச்சுது மாமா. ஆனா தரகர் வரட்டும்னு இருக்கேன்."

"அவரு எதுக்கு? பொந்து என்னோடது. கொட்டை உன்னோடது. நடுவுல அவருக்கு ஒரு பங்கு எதுக்கு?"

"அவருதானே எனக்குக் காட்டினாரு."

"காட்டினாரு. நீயும் பார்த்துட்டே. அதோட அவரு வேலை முடிஞ்சுது."

"வாசல்ல ஏதோ மண்ணு இருக்குன்னு சொன்னாரே?"

உடும்பு நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. "இப்படி ஏதாவது ஒண்ணைச் சொல்லி இழுத்தடிச்சாத்தானே, நமக்காக உழைச்சாருன்னு நீ நினைப்பே? அவரு வரதுக்குள்ள முடிச்சுக்கலாம். இல்லேன்னா சொல்லு, வேற பார்ட்டி இருக்கு."

உடும்பு சொன்னது அணிலுக்கு வசதியாக இருந்தது. அதனால் நம்பிவிட்டது. அன்றைக்கே பாறை இடுக்கைக் காலி செய்து அத்தனை கொட்டைகளையும் உடும்பிடம் ஒப்படைத்தது. உடும்பு மூட்டையோடு போய்விட்டது. அணில் புதுப் பொந்தின் வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பார்த்தது. பெரிய புள்ளி ஆகிவிட்ட மாதிரிதான் இருந்தது.

ஆனால் மரங்கொத்தி திரும்பி வருமே. அதை நினைத்ததும் உட்கார முடியவில்லை. பழைய கூட்டுக்கே ஓடி வந்து ஒன்றும் தெரியாததுபோல் இருந்துகொண்டது.

மரங்கொத்தி வந்து சேர்ந்தபோது கொண்டையெல்லாம் கலைந்து, இறக்கை சோர்ந்து தொங்கியது.

"தம்பி, அந்தப் பொந்து விஷயமா..." என்று ஆரம்பித்தது.

அணிலுக்குப் பகீரென்றது. எங்கே விஷயம் தெரிந்துவிட்டதோ என்ற பயத்தில் முந்திக்கொண்டது. "அது வேண்டாம்னு விட்டுட்டேங்க. எனக்கு இந்தப் பொந்து வியாபாரமே சரிப்பட்டு வராதுன்னு தோணுது."

"விட்டுட்டியா?" மரங்கொத்தி பெருமூச்சு விட்டது. "நல்லதாப் போச்சு தம்பி. ரொம்ப நல்லதாப் போச்சு."

ஏன் நல்லதாப் போச்சு? அந்தக் கேள்வி அணிலின் வாய் வரைக்கும் வந்தது. கேட்டால், வாங்காத பொந்தைப் பற்றி உனக்கு என்ன கவலை என்று மரங்கொத்தி கேட்குமே. அணில் எச்சிலோடு சேர்த்துக் கேள்வியையும் விழுங்கியது.

"அலைஞ்சதெல்லாம் வீணாப் போச்சேன்னு நினைக்காதே. அது என் தொழில்," என்றது மரங்கொத்தி. "நாவல் மரத்துல சின்னதா ஒண்ணு இருக்கு. வில்லங்கம் இல்லாதது. உனக்கு மனசு வந்தா சொல்லு, பேசி முடிக்கலாம்."

"இப்போதைக்கு வேண்டாங்க," என்றது அணில். மரங்கொத்தியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தன் வாலைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

சில நாள் கழித்து அணில் புதுப் பொந்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது தலைக்குமேல் புயல் மாதிரி இறக்கைச் சத்தம் கேட்டது. இரண்டு இருவாட்சிகள் வந்து இறங்கின. பெரிய பறவைகள், பெரிய அலகுகள். கணவனும் மனைவியும்.

"யாருப்பா நீ? கொஞ்சம் நகரு," என்றது ஆண் இருவாட்சி. "எங்க வீட்டம்மா உள்ளே போகணும். முட்டை வைக்கிற நேரம்."

"இது... இது உங்களுடையதா?"

"வருஷா வருஷம் இங்கேதான் குஞ்சு பொரிக்கிறோம். என் சம்சாரம் உள்ளே உட்கார்ந்து வாசலை மண்ணு பூசி அடைச்சுக்குவா. நான் வெளியே இருந்து பழம் ஊட்டுவேன். நாங்க இல்லாத சமயத்துல உடும்பு வந்து ஒண்டியிருந்திருக்கான். இதை விக்கப் பார்த்தானாமே." இருவாட்சி தலையை ஆட்டியது. "நல்ல வேளை, மரங்கொத்தியார் எங்களைத் தேடி மலை தாண்டி வந்தாரு. ஒரு புதுத் தம்பி இதை வாங்கப் பார்க்குது, நல்ல பிள்ளை, ஏமாந்துடக் கூடாதுன்னு சொன்னாரு. அந்தத் தம்பி வாங்காம தப்பிச்சிருக்கும்."

அணிலின் காது சூடேறியது.

"ஆமா, நீ எதுக்கு இங்கே பெருக்கிக்கிட்டு இருக்கே?" என்று கேட்டது பெண் இருவாட்சி.

"சும்மா. இந்தப் பக்கமா வந்தேன்," என்று சொல்லிவிட்டு அணில் இறங்கி ஓடியது.

ஆற்றங்கரையில் தேடாத இடமில்லை. உடும்பும் இல்லை, கொட்டைகளும் இல்லை. பட்டினி கிடந்து சேர்த்ததெல்லாம் போய்விட்டது. ஆனால் பிள்ளைகளே, கொட்டை போனதைவிட "நல்ல பிள்ளை" என்ற அந்த ஒரு சொல்தான் அணிலை அதிகமாகக் குத்தியது. தன்னை ஏமாற்றிய உடும்பின்மேல் கோபப்படலாம் என்று பார்த்தது. கோபம் வரும் முன்பே வெட்கம் வந்து நின்றது. தானும் மரங்கொத்திக்கு அதைத்தானே செய்தது.

காட்டில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பெருக்கிக்கொண்டிருந்த அணிலைப் பற்றி இருவாட்சி சொல்ல, மரங்கொத்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காகம் ஆலமரத்தடியில் எல்லாருக்கும் கேட்கும்படி, "புது ஆளுங்களுக்குப் பார்த்தீரே, பங்கு வந்துடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தது. அணில் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டது. தட்டுகிற சத்தம் எங்காவது கேட்டால், இலைக்குள் ஒளிந்துகொண்டு அது ஓய்கிற வரைக்கும் அசையாமல் இருக்கும்.

வெயில் போய் மழை மேகம் கூடியது. இனியும் ஒளிந்திருக்க அணிலால் முடியவில்லை. காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஒரு காலையில் ஆலமரத்தடிக்குப் போனது.

அங்கே அதற்கு முன்பே ஒரு சுண்டெலி நின்றுகொண்டிருந்தது. கையில் ஓர் இலைப்பொட்டலம். முதுகோடு ஒட்டிக்கொண்டு குட்டிகள்.

"வேர்ப்பொந்து சின்னதா இருந்தாலும் போதும் ஐயா," என்று சுண்டெலி மரங்கொத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தது. "பாதியில நாங்க இருந்துக்குவோம். பாதியை வாடகைக்கு விட்டா பிள்ளைங்க வயிறு நிறையும். புது ஆளுங்களுக்கு நீங்க ஒருத்தர்தான் பார்ப்பீங்கன்னு கேள்விப்பட்டு ரொம்பத் தூரத்திலிருந்து வரேன்."

"இப்போ பார்க்கிறதில்லை தாயி," என்றது மரங்கொத்தி. "தெரிஞ்சவங்க யாராவது ஜாமீன் நின்னாத்தான் புது ஆளுங்களை எடுத்துக்கிறேன்."

"எனக்கு இங்கே யாரையும் தெரியாதே. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா ஐயா?"

"நீ ஒரு தப்பும் பண்ணலை தாயி."

அப்போது மரங்கொத்தி, பின்னால் நின்ற அணிலைப் பார்த்தது. பார்த்தும் யார் என்று காட்டிக்கொடுக்கவில்லை. அணில் நினைத்திருந்தால் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். அதன் கால்கள் நகரவில்லை.

"தப்பு பண்ணினது நான்," என்றது அணில். காகம் கேட்க, கீரி கேட்க, எல்லாவற்றையும் சொன்னது. மரங்கொத்தி காட்டிய பொந்தை அதற்குத் தெரியாமல் வாங்கியதையும், வாங்கவில்லை என்று முகத்துக்கு நேரே பொய் சொன்னதையும் சொன்னது.

"இவங்க பாவம் ஐயா. இவங்களுக்கு நான் ஜாமீன் நிக்கிறேன்," என்றது அணில்.

ஆலமரத்தடியில் யாரும் சிரிக்கவில்லை. காகம்கூடச் சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த அமைதியில்தான் தான் என்ன சொன்னோம் என்று அணிலுக்கு உறைத்தது.

மரங்கொத்தி கோபப்படவில்லை. தம்பி என்றும் கூப்பிடவில்லை.

"நீங்க வந்து சொன்னது நல்லதுங்க," என்றது. "ஆனா உங்க ஜாமீன் செல்லாதுங்க."

முதல் தூறல் விழுந்தது. சுண்டெலி பொட்டலத்தை எடுத்துக்கொண்டது. குட்டிகளை முதுகில் சரிப்படுத்திக்கொண்டு, மரங்கொத்திக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மழையில் நடந்து போனது. அணில் தலையைத் தூக்காமல் அங்கேயே நின்றது.

நீதி: நம்பி உதவியவரை ஒருவன் ஏமாற்றினால், அதன் தண்டனை அவனுக்குப் பின்னால் உதவி தேடி வருகிறவர்களையும் போய்ச் சேரும்.