மூன்று மஞ்சள் டிரம்

'கைபட்டது துலங்கும்' என்றாரோ, 'கைபட்டது கெடும்' என்றாரோ, சரியாக நினைவில்லை. பழைய அணு உலையை மூடிய அன்று, ஓய்வுபெற்ற பெரிய எஞ்சினியர் பேசியது. அந்த நேரம் எல்லாருடைய கவனமும் கேசரியில் இருந்தது.

உலையைப் பிரிக்கிற வேலையில் பின்கொட்டகையைக் காலிசெய்யும் பொறுப்பு சுயம்பு மேஸ்திரிக்கு வந்தது. கூட தவசி, லூர்து இருவர். பாதுகாப்பு அதிகாரி வேதமாணிக்கம் சார் விதியைச் சொன்னார். கதிர்வீச்சுக் கழிவைத் தொட்டதெல்லாம் கழிவு. மஞ்சள் டிரம்முக்குள் போக வேண்டும். மற்றதெல்லாம் திரும்பப் பயன்படும். மூன்று டிரம்முக்குள் முடித்தால் அடுத்த கட்டடமும் இவர்களுக்கே. நாலாவது டிரம் எடுத்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

தேடிப் பார்த்ததில் கழிவு என்று இருந்தது ஒரே ஒரு கந்தல் துணி. மூவருக்கும் வாயெல்லாம் பல்.

லூர்து இடுக்கியால் துணியை எடுத்து டிரம்மில் போட்டான். துணியைத் தொட்ட இடுக்கியும் உள்ளே போனது. இடுக்கியைத் தொட்ட கையுறை போனது. கையுறையைக் கழற்றி வைத்த ஏணியை நாலாக அறுத்துப் போட்டார்கள். அறுத்த ரம்பமும் போனது. டிரம் நிறைந்துவிட்டது.

தவசிக்குச் சந்தேகம். "அண்ணாச்சி, டிரம்மும் கழிவைத் தொட்டிருக்கே. அதை எந்த டிரம்முல போட?"

மேஸ்திரி வெகுநேரம் யோசித்தார். "தொட்டது உள்பக்கம். வெளிப்பக்கம் தொட்டுச்சா?"

"இல்ல."

"பெறவென்ன."

அப்போதுதான் லூர்து தன் கைகளைப் பார்த்தான். "அந்தக் கையுறைக்குள்ள இருந்தது இதுதான அண்ணாச்சி."

தவசி ஆறுதலாக அவன் தோளில் கை வைத்தான். வைத்த பிறகுதான் உறைத்தது. இருவரும் இரண்டாவது டிரம்மில் இறங்கி நெருக்கி உட்கார்ந்தார்கள். லூர்துக்குக் கண் கலங்கிவிட்டது. மேஸ்திரிக்கு இளகின மனசு. தன் கையாலேயே துடைத்துவிட்டார்.

பிறகு தானும் மூன்றாவது டிரம்மில் ஏறி உட்கார்ந்தார்.

சாயங்காலம் சார் வந்தார். கொட்டகை பளிச்சென்று இருந்தது. மூன்றே டிரம். ஒன்றில் மட்டும் மேஸ்திரியின் தலை தெரிந்தது. வேலை முடிந்தது, கணக்குக்கு மேல் ஒரு டிரம்கூடத் தொடவில்லை என்று அது பெருமையாகச் சொன்னது.

"யோவ், உள்ள என்னய்யா செய்யுதீரு? எந்திரும்" என்று சார் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

மேஸ்திரி சாரின் கையையே பார்த்தார். பக்கத்து டிரம்மிலிருந்து தவசி கிசுகிசுத்தான்: "அண்ணாச்சி, நாலாவது டிரம் எடுத்தா வேலை போயிருமே."

மேஸ்திரி காலை மடக்கி, ஓரமாக ஒதுங்கி, சாருக்கு இடம் விட்டார்.