சீமைக் குதிரைக்கு ஜாதகம்

கும்பினிக்காரன் வரியை எடுத்துக்கொண்டு, ராஜாக்களுக்குக் கிரீடத்தை மட்டும் விட்டுவைத்திருந்த அந்தக் காலத்திலே, மருதங்கோட்டை என்ற சீமையை வீரகஜேந்திரர் என்ற ராஜா ஆண்டுவந்தார். அந்த ராஜாவை ஆண்டது ஆஸ்தான ஜோசியர் நவநீதத்தின் பஞ்சாங்கம். ராஜா வேப்பங்குச்சியை எடுத்தால், நவநீதம் விரலை மடக்கி எண்ணி முடித்த பிறகுதான் வாயில் வைப்பார். இதைப் பார்த்துப் பார்த்தே பிரதானி மயிலேறும்பெருமாளுக்குத் தலையில் பாதி மயிர் கொட்டிவிட்டது. மீதி கொட்டியது ஒரு குதிரையால்.

மருதங்கோட்டைக் குதிரைகள் கழுதையைவிட அரைச் சாண்தான் உயரம். பட்டாளத்துக்காரர்கள் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். இனத்தை உயர்த்த வேண்டுமென்று பிரதானி துரைக்கு நாலு மனு எழுதினார். ஐந்தாவது மனுவுக்கு இரங்கி, கப்பலில் வந்த ஜாதிப் பொலிகுதிரை ஒன்றைத் துரை ஒரு மண்டலத்துக்கு இரவலாக அனுப்பினார். ஊரார் தங்கள் பெட்டைக் குதிரைகளைக் கொண்டுவந்து சேர்க்கலாம். காசு கிடையாது. நாற்பத்தெட்டாம் நாள் குதிரை அடுத்த சமஸ்தானத்துக்குப் போய்விடும்.

பிரதானிக்குப் பேர் வந்துவிடுமே என்று ஜோசியருக்கு வயிறு எரிந்தது. குதிரையோடு ஒரு காகிதம் வந்திருந்தது. அதில் அப்பன் பேர், பாட்டன் பேர், பிறந்த தேதி எல்லாம் இருந்தன. நவநீதம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மகாராஜா, இது ஜாதகம்! மாப்பிள்ளைக்குப் பூச நட்சத்திரம். மூலத்திலே பிறந்த பெட்டையைச் சேர்த்துவிட்டால் மாமனாருக்கு ஆகாது!"

"குதிரைக்கு ஏதய்யா மாமனார்?" என்றார் பிரதானி.

"குதிரை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்தான். இந்த ஒரு மண்டலமும் நம் மகாராஜா!"

ராஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஜாதகம் இல்லாத பெட்டைக்கு லாயத்தில் இடமில்லை, பொருத்தம் இருந்தாலும் முகூர்த்தம் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்று அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் சீனியம்மா வந்தாள். ஜட்கா ஓட்டிய புருஷன் செத்தபின் அவளுக்கு மிஞ்சியது செவலை என்ற பதினாலு வயதுப் பெட்டைக் குதிரை. அது போடும் குட்டியை விற்றுத்தான் மூன்று பெண்களுக்குக் கஞ்சி ஊற்றினாள்.

"இது பிறந்த நேரம்?" என்றார் ஜோசியர்.

"மழை பெஞ்சுகிட்டு இருந்துச்சு சாமி. அம்புட்டுத்தான் தெரியும்."

விரட்டிவிட்டார்கள். இருபத்தொரு நாள் கழித்துச் செவலை மறுபடி பருவத்துக்கு வந்தது. பிரதானி தாமே உட்கார்ந்து அதற்கொரு ஜாதகம் எழுதிக்கொடுத்தார். பத்துப் பொருத்தமும் பார்த்த நவநீதம், இன்று அஷ்டமி என்றார். மறுநாள் நவமி என்றார். அதற்கும் மறுநாள் கரிநாள் என்றார். நாலாம் நாள் முகூர்த்தம் வந்தது, பருவம் போய்விட்டது. செவலை பொலிகுதிரையைக் கண்டதும் உதைத்தது. பிரதானிக்கு யாரையாவது உதைக்க வேண்டும்போல இருந்தது.

நாற்பத்தைந்தாம் நாள் சீனியம்மா மூன்றாம் தடவையாகக் கயிற்றோடு வந்து நின்றாள்.

"அய்யா, இதுக்கு வயசாயிருச்சு. இந்தத் தடவையும் தப்புனா இனிமே சினை நிக்காது. பொலிகுதிரையும் போயிரும். நான் இந்த மூணு புள்ளைகளை வச்சுக்கிட்டு என்ன செய்வேன்?"

பிரதானி அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே சபைக்குப் போனார். புதன்கிழமை, உச்சிவேளை.

"மகாராஜா, குதிரையை இன்றைக்கே சேர்க்க வேண்டும்."

"ராகு காலம்! இன்னும் மூன்றரை நாழிகைக்கு ஒன்றும் கூடாது. அப்புறமும் மூன்று நாளைக்கு நாள் சரியில்லை" என்றார் ஜோசியர்.

"நாள் சரியில்லாவிட்டால் வயிற்றுப்பசி நிற்குமா? பேதி நிற்குமா?"

"சபையிலே என்ன பேச்சு பிரதானியாரே!" ராஜா சீறினார். "நேரம் பார்க்காமல் நடந்தே தீரும் காரியம் ஒன்றை இந்த இடத்திலேயே எனக்குக் காட்டும். காட்டினால் குதிரையை அவிழ்க்கச் சொல்கிறேன். காட்டாவிட்டால் உமது உத்தியோகம் ஜோசியருக்கு! உம்மோடு பேசினாலே எனக்கு மண்டையிடி."

"மண்டையிடிக்கு என்னிடம் மருந்து இருக்கிறது" என்று பிரதானி மடியிலிருந்த மூக்குப்பொடி மட்டையைப் பணிவாக நீட்டினார். பொடி போட்டே பழகாத ராஜா ஒரு பெரிய சிமிட்டாவாக எடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

ராஜாவின் மூக்கு விடைத்தது. வாய் பிளந்தது. தலை பின்னால் போயிற்று.

"ஐயையோ, பொறுங்கள் மகாராஜா!" பிரதானி கைகளை விரித்துக் கத்தினார். "ராகு காலம்! தும்மல் அபசகுனம்! ஜோசியரே, மகாராஜா எப்போது தும்மலாம்? சீக்கிரம் சொல்லும்!"

சொன்ன வாக்கை மாற்ற முடியாமல் நவநீதம் விரலை மடக்கினார். "இன்னும்... மூன்றேகால் நாழிகை..."

ராஜா மூக்கைப் பிடித்தார். கண்ணில் நீர் வழிந்தது. முகம் தக்காளியாகச் சிவந்தது. அடுத்த கணம், "அச்ச்...சூ!" பஞ்சாங்கம் நனைந்தது, ஜோசியரும் நனைந்தார். சபையே வாயைப் பொத்திக்கொண்டது.

"தும்மலுக்கு முகூர்த்தமாடா பார்க்கிறாய், மடையா!" என்று ராஜா கர்ஜித்தார்.

"அதேதான் மகாராஜா," என்றார் பிரதானி. "பருவமும் அப்படித்தான். அது வரும்போதுதான் வரும், நாம் சொல்லும்வரை நிற்காது. வெளியே ஒரு விதவை மூன்றாம் தடவையாக நிற்கிறாள்."

ராஜா மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு தம் தோளிலிருந்த சால்வையைப் பிரதானிக்குப் போர்த்தினார். செவலையின் கயிற்றைப் பிடித்து ஜோசியரே லாயத்துக்கு நடத்திப்போக வேண்டுமென்று உத்தரவிட்டார். வழியெல்லாம் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

பதினோரு மாதம் போயிற்று. நெட்டைக்கால் குட்டி ஒன்று சீனியம்மா வாசலில் துள்ளியது. பார்க்க வந்த ராஜா பூரித்துப்போனார்.

"அடடா, என்ன அழகு! இதற்குப் பெயர் வைக்க ஒரு நல்ல நாளாக..." என்று சொல்லிக்கொண்டே ஜோசியரைத் தேடித் திரும்பினார்.

பிரதானி பெருமூச்சு விட்டு மடியில் கையை விட்டார்.

ராஜா இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார். "வேண்டாமய்யா, வேண்டாம்! இப்போதே வைக்கிறேன். இதன் பெயர் தும்மல்!"

சீனியம்மா குட்டியின் காதில் அந்தப் பெயரை மூன்று தரம் சொன்னாள். என்ன நேரம் என்று யாரும் கேட்கவில்லை, ஜோசியர் உள்பட.