விற்ற வீடு, பூட்டிய வீடு

திலகவதி டீச்சர் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றக்கூட மறந்து பூமிநாதன் உள்ளே வந்து நின்றார்.

திருப்பூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர் அவர். மில் வேலைக்கு நடுவே படித்து, நாற்பதுக்கு மேல் ஆசிரியரானவர். பயிற்சிக் கல்லூரியில் அவருக்குப் பாடம் எடுத்த திலகவதி அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் மனம் கலங்கினால் அவர் வந்து நிற்கும் இடம் இதுதான்.

"டீச்சர், ஒப்பீட்டுக் கட்டுரை எழுத எப்படிங்க சொல்லிக் குடுக்கறது?"

"இதைக் கேக்கவா இப்படி வேர்த்து விறுவிறுத்து வந்தீங்க?"

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

பதினொன்றாம் வகுப்பில் இரண்டு கதைகளைக் கொடுத்திருந்தார். ஒன்றில் ஒரு தமிழ்க் குடும்பம் மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறுகிறது. மற்றதில் ஒடிசாக் குடும்பம் ஒன்று பனியன் கம்பெனி வேலைக்கு ரயிலேறுகிறது. ஒப்பிட்டு எழுதச் சொன்னார். 'இருவரும் ஏழைகள், இருவரும் துன்பப்பட்டனர்' என்று வகுப்பு முழுக்க ஒரே கட்டுரை. பாடத்துக்கு உயிர் வரட்டும் என்று கடைசி பெஞ்சிலிருந்த லிபிகாவை எழுப்பினார். அவள் சின்ன வயதிலேயே ஒடிசாவிலிருந்து வந்தவள்.

"இதோ, கதையில வர்ற புள்ளையே நம்ம கிளாஸ்ல இருக்குது. நீ சொல்லு பாப்போம், உங்க வீட்டுலயும் இப்படித்தானா?"

வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கே வரவில்லை.

"திங்கக்கிழமை பனியன் கம்பெனியில துணி செக்கிங் வேலைக்குச் சேரப்போறாளாம். பசங்க சொன்னாங்க. நல்லாப் படிக்கிற புள்ளை டீச்சர் அவ. என்னாலதான்... கண்ணை மூடுனா எந்திரிச்சு நிக்கறா."

"அவ வீடு தெரியுமா?"

"தெருமுனை வரைக்கும் போனேனுங்க. உள்ள போகக் காலு வரல."

திலகவதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "வாங்க, போலாம்."

வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றின் வாசலில் லிபிகாவின் அம்மா நின்றாள். ஆசிரியரைப் பார்த்ததும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். "உடம்பு சரியில்ல சார். ஸ்கூல் போதும்."

உள்ளே, கதவுக்குப் பின்னால் யாரோ அசைந்தார்கள்.

பூமிநாதன் திலகவதியைப் பார்த்தார். டீச்சர் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஆனால் திலகவதி, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவரிடம் விசாரிப்பதுபோல, இவரிடமே கேட்டார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க சார்?"

அவருடைய ஊர் டீச்சருக்குத் தெரியும். பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது.

"கமுதிப் பக்கம்" என்றார்.

கதவைப் பார்த்தபடி அவரே தொடர்ந்தார்.

"மழை இல்லாம வெள்ளாமை எல்லாம் பட்டுப்போச்சு. நான் ஆறாப்புப் படிக்கையில இங்க வந்தோம். மொத நாளு கிளாசுல எங்க ஊருப் பேச்சுல 'அங்கிட்டு'ன்னு சொல்லிப்புட்டேன். எல்லாரும் சிரிச்சாய்ங்க. வாத்தியாரு எந்திரிக்கச் சொல்லி, இன்னொரு வாட்டி சொல்லுடான்னாரு. அந்த வருசம் பூரா நான் வாயே தொறக்கல."

கதவு திறந்தது. லிபிகா வந்து நிலைப்படியில் நின்றாள்.

"வீட்டை என்ன பண்ணீங்க சார்?"

"எந்த வீட்டை?"

"ஊர்ல இருந்ததை."

"அப்பா வித்துட்டாரு."

"மலாயா கதையிலயும் வித்துட்டுத்தான் போறாங்க. எங்கம்மா பூட்டிட்டு வந்தாங்க. ரயில் கதையில வீட்டைப் பத்தி ஒண்ணுமே இல்ல. விக்கறதும் பூட்டறதும் ஒண்ணு இல்லைங்க சார். பூட்டிட்டு வந்தா, இங்க மழை பேஞ்சாலும் அங்க கூரை ஒழுகுமோன்னு இருக்கும். வித்துட்டு வந்தவங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியல. உங்களுக்கு எப்படி இருக்குங்க சார்?"

பூமிநாதன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

அம்மா உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள்.

"அன்னைக்கு உன்னை எழுப்பி விட்டது தப்பு தாயி" என்றார் அவர்.

லிபிகா தலையைக் குனிந்துகொண்டாள். "திங்கக்கிழமை மொத பீரியட் தமிழ்தானுங்களே சார்?" என்றாள்.

திரும்பும் வழியில் பஸ் ஸ்டாப் வந்ததும் பழைய பதற்றம் பூமிநாதனைப் பிடித்துக்கொண்டது.

"டீச்சர், அந்தக் கட்டுரையைத் திங்கக்கிழமை எங்கிருந்துங்க ஆரம்பிக்கறது?"

"வித்த வீட்டைப் பத்தி அந்தப் புள்ளை உங்ககிட்ட ஒண்ணு கேட்டுச்சே" என்றார் திலகவதி. "அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலீங்களே."