சதுரங்கப்பட்டினத்தில் ஒரு பகல்

வடபழனியில் ஒரு மாவு மில்லின் மாடியில் நீலாவதி தியானம் சொல்லிக்கொடுத்தார். கீழே மிளகாய் அரைபடும். மேலே கண்ணை மூட வேண்டும். அவரைவிட இருபது வயது மூத்த தணிகாசலமும் அங்கே சீடர்தான்.

ஒருநாள் தணிகாசலம் சொன்னார்.

"அம்மா, சதுரங்கப்பட்டினத்துல கடலோரமா ஒரு ரூம் பாத்துட்டேன். சாவிகூட வாங்கியாச்சு. இந்த ஊர்ச் சத்தத்துல மனசு நிக்கவே மாட்டேங்குது."

"வீட்டுல?"

"மரகதம் இங்கேயே இருக்கட்டும். முப்பத்தாறு வருஷமா அவ பேச்சைக் கேட்டாச்சு. அதுவும் ஒரு சத்தம்தானே? நீங்க சரின்னு சொல்லணும்."

"நாளைக்கு ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரலாமா?"

மறுநாள் காலை நீலாவதி ஏறிவந்த ஆட்டோ தணிகாசலத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றது. பஸ் ஹாரனுக்குப் பயந்து அவர் வீட்டிலேயே இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் புறப்பட்டார். மரகதம் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவர் வழக்கம்போல் தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

பஸ்ஸில் நன்றாகத் தூங்கினார். விழித்தபோது ஜன்னலில் சவுக்கு மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

சதுரங்கப்பட்டினத்தில் வெயில்கூட அவசரப்படாமல்தான் ஏறியது. இடிந்த கோட்டைச் சுவரோரம் ஓர் ஆடு படுத்திருந்தது. கரையில் ஒரு பெண் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தணிகாசலம் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தார். கனவில் வருகிற அலைகள் மாதிரி அலைகள் வந்தன, போயின. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன அமைதி அம்மா! கடலே வாயைத் திறக்கலை. இதுதான் என் இடம்."

நீலாவதி தலையாட்டினார்.

உச்சிப்பொழுதில் ஓர் அலை ஏறிவந்து தணிகாசலத்தின் செருப்பு ஒன்றை இழுத்துக்கொண்டு போயிற்று. கருவாடு காயவைத்த பெண் ஓடிவந்து அவர் தோளை உலுக்கினாள். அவள் வாய் மட்டும் அசைந்தது. நீலாவதி தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

தணிகாசலம் பஞ்சைப் பிடுங்கினார். கடல் ஓவென்று காதுக்குள் வந்து விழுந்தது. கூடவே காக்காய்ச் சத்தம், படகு மோட்டார், எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெண்ணின் குரல்.

"எத்தினி வாட்டி கூப்புடறது பெரியவரே! செருப்பு போவுது, செருப்பு போவுதுன்னு கத்திக் கத்தித் தொண்டையே போச்சு!"

திட்டிவிட்டு அவள் கருவாட்டைப் பார்க்கப் போனாள். தணிகாசலத்துக்கு வெட்கமாகிவிட்டது. பஞ்சை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா அம்மா?"

"நிம்மதியா இருந்தீங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"காலையில மரகதம் வாசல்ல ஏதோ சொன்னாளே. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன சொன்னா?"

நீலாவதி எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கு ஐயா," என்றார். "அவங்க சொன்னது உங்ககிட்ட."