கைத்தடக் குகை

முன்னொரு காலத்தில் செங்குன்ற நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுடைய மந்திரி அழகியநம்பிக்கு ஐம்பத்துநான்கு வயது. ஒரு கதையை மட்டும் அவர் முப்பது வருடமாக நம்பவே இல்லை.

ஊருக்கு வெளியே ஒரு மணற்கல் குகை. உள்ளே சுவரில், கை பதிந்த குழி. முதல் ராஜா தொட்டதும் பாறை மாவாக இளகியதாம்; அவர் வம்சத்தவன் கைதான் அதில் கச்சிதமாகப் பொருந்துமாம். குகையைக் காக்கும் கூத்தன் வருவோரிடமெல்லாம் இதைச் சொல்வான். பிள்ளை பெற்றவர்கள் குழந்தையின் கையை அதில் வைத்து எடுத்துப்போவார்கள்.

ஒருநாள் ராஜாவுக்கும் ஆசை வந்தது. பரிவாரத்தோடு போய்க் கை வைத்தான். குழி பெரிதாக இருந்தது.

மந்திரியைக் கண்டாலே ஆகாத தளபதி வச்சிரராயன் முந்திக்கொண்டான். "தங்களுக்கு வம்சமில்லை என்று காட்ட இந்தக் கூத்தன் உளி வைத்துச் செதுக்கியிருக்கிறான், அரசே. மந்திரியார் அமர்த்திய ஆள்தானே."

"வெட்டு அவன் கையை" என்றான் ராஜா.

"வெட்டலாம்" என்றார் மந்திரி. "அதற்குமுன் தளபதியாரும் ஒருமுறை கை வைக்கட்டும்."

"நான் எதற்கு?"

"கையைத்தானே வைக்கச் சொன்னேன், தலையையா?"

வச்சிரராயன் அழுத்தி வைத்து எடுத்தான். உள்ளங்கையில் செம்மணல் ஒட்டியிருந்தது. முப்பது வருடம் கதையை நம்பாமல், தொட்டவர்களின் கையைக் கவனித்ததால்தான் அந்த மணல் மந்திரிக்குத் தெரிந்திருந்தது.

"திருடர் அகப்பட்டார், அரசே. தங்கள் முன்னோர் தடத்தில் ஒரு சிட்டிகை இவர் கையில். தங்கள் கையிலும் ஒரு சிட்டிகை. கும்பிட்ட கைகளெல்லாம் சேர்ந்து தேய்த்த குழி இது. வெட்டத் தொடங்கினால் நாட்டில் எத்தனை கை மிஞ்சும்?"

ராஜா தன் கையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். பொற்காப்பைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "கூத்தன் பிழைத்துப் போகட்டும். வச்சிரராயரே, இனி நீர்தான் இங்கே வாயிற்காவல். தொட்டால் தேய்கிறது என்கிறாரே மந்திரி, வாசலைக் கல் வைத்து அடைத்துவிடும். யாரும் தொடக்கூடாது."

மந்திரி சொன்னதைத்தானே ராஜா திருப்பிச் சொன்னான்.

மறுநாள் வாசல் அடைபட்டது. கைக்குழந்தைகளோடு வந்த மூன்று பெண்கள் வெயிலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கூத்தன் இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தான். மந்திரி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வாதாடுவதற்குமுன் கேட்டிருக்க வேண்டியதை இப்போதுதான் கேட்டார்.

"கையா, குகையா என்று உன்னைக் கேட்டிருந்தால், எதைக் காப்பாற்றச் சொல்லியிருப்பாய், கூத்தா?"