கல்லாங்காட்டுவலசு கல் சங்கத்தார் கண்காட்சி வைத்த கதை

கல்லாங்காட்டுவலசில் கம்பு விதைத்தால் பாதிதான் முளைக்கும். கல் மட்டும் விதைக்காமலே விளையும். அப்பேர்ப்பட்ட ஊரில் கல் சேகரிக்க ஒரு சங்கம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை.

மாவுமில் நாச்சிமுத்து சங்கத்துக்குச் செயலாளர். ஓய்வுபெற்ற கண்டக்டர் குழந்தைசாமி தலைவர். விசில் அவரிடம்தான் இருந்தது. ராக்கியண்ணன் உறுப்பினர். வேறு யாரும் சேராததால் பொதுக்குழுவும் அவரே.

நாச்சிமுத்துவுக்கு வீட்டில் நிலைமை சரியில்லை. கல் கட்டிலுக்கடியில் நிறைந்து, பீரோவில் நிறைந்து, கட்டிலின் மேலேயும் ஏறிவிட்டது. ஒருநாள் மனைவி பூவாத்தாள் தலையணை என்று நினைத்துத் தலை சாய்த்தது தலையணை இல்லை. அவள் எழுந்து உட்கார்ந்து, மண்டையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஏனுங்க, தை மாசம் முடியறதுக்குள்ள இதையெல்லாம் வேற எங்காச்சும் கொண்டுபோயிருங்க. இல்லீனா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். அப்புறம் கல்லையே அவிச்சுத் தின்னுங்க."

மறுநாள் காலையில் நாச்சிமுத்து ஒரு கல்லை அவித்துப் பார்த்தார். மதியம் வரை வேகவில்லை. அப்போதுதான் விஷயத்தின் தீவிரம் அவருக்கு உறைத்தது.

நல்லவேளையாக அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பேசுவதற்குப் பேராசிரியர் திருஞானம் வந்திருந்தார். டவுன் கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். மாணவர்கள் கேட்காததை எல்லாம் வெளியூர்க் கூட்டங்களில் பேசித் தீர்த்துக்கொள்வார்.

"அருமையா ஒரு கண்காட்சி வைங்க. கலெக்டரம்மாவை நானே கூட்டிட்டு வர்றேன். அவங்க மனசு வெச்சா, பூட்டிக் கிடக்கிற பழைய நூலகத்துல உங்க கல்லுக்கு ஒரு அறை கெடைக்கும்" என்றார். நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பேராசிரியர் குரலை உயர்த்தினார். "ஆனா கல்லைச் சும்மா பொறுக்கக் கூடாது. தட்டிப் பாக்கணும். தட்டினா அதுவே பதில் சொல்லும். இந்தப் பாறையெல்லாம் நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் மூத்தது, அந்த மரியாதை மனசுல இருக்கணும். அப்புறம், ஒவ்வொரு கல்லுக்குப் பக்கத்துலயும் எடுத்த இடத்தை எழுதி ஒட்டணும்."

நாச்சிமுத்து ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் பண்ணிக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்த நாளே மூவரும் ஊருக்கு மேற்கே இருக்கும் பாறைக் கரட்டுக்குப் போனார்கள். பெரிய பாறை ஒன்றின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். நாச்சிமுத்து விரலை மடக்கி, கதவைத் தட்டுவதுபோல மெதுவாகத் தட்டினார். காத்திருந்தார்கள்.

"ஆளில்லீங்க போல" என்றார் ராக்கியண்ணன்.

"இன்னொருக்காத் தட்டப்பா. வயசானவங்க. எந்திரிச்சு வரோணுமல்ல?" என்றார் தலைவர்.

வெயில் உச்சிக்கு வந்தும் பதில் வரவில்லை. நாச்சிமுத்து தயக்கத்தோடு பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். தலைவர் பதறிப்போனார்.

"பாட்டனுக்கு மூத்தவங்களைச் சுத்தியல்ல அடிக்கறதா? ஏப்பா, உங்க பாட்டனை நீ அப்படித்தான் அடிப்பியா?"

"அவரு என்னைத்தான் அடிப்பாருங்க."

"அதுதான் மொறை."

ஆகவே சுத்தியல் பைக்குள் போயிற்று. வருகிறவர்கள் தாமாக வரட்டும் என்று பாறையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். செருப்பை மாட்டும்போது ராக்கியண்ணன் "ஆ!" என்றார். செருப்புக்குள் ஒரு பொடிக்கல்.

"பாத்தீங்களா, மரியாதைக்கு வந்த கல்லு!" என்று தலைவர் விசில் ஊதினார். வந்த விருந்தாளியை வழியில் இறக்கிவிடக் கூடாது என்று, ராக்கியண்ணன் அதை மிதித்துக்கொண்டே நொண்டி நொண்டி ஊர் வந்து சேர்ந்தார்.

பிறகு சமுதாயக் கூடத்தில் மேசைகள் போட்டு, நாச்சிமுத்து வீட்டுக் கல்லை எல்லாம் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து பரப்பினார்கள். பூவாத்தாள் பல நாள் கழித்து அன்றுதான் கால் நீட்டிப் படுத்தாள்.

"எடுத்த இடத்தை எழுதோணுமாமே. இதெல்லாம் எங்க கெடந்துச்சு?" என்றார் தலைவர்.

நாச்சிமுத்து ஆழ்ந்து யோசித்தார். "கீழேதானுங்க."

"அதைக் கேக்கலை. இந்தச் செவப்புக் கல்லு?"

"அதுவும் கீழேதானுங்க. குனிஞ்சுதான் எடுத்தேன்."

எல்லாக் கல்லுக்கும் 'எடுத்த இடம்: கீழே' என்று எழுதி ஒட்டினார்கள். பொடிக்கல்லுக்கு மட்டும் 'எடுத்த இடம்: ராக்கியண்ணன் செருப்பு' என்று எழுதினார்கள்.

அதைப் பார்த்துப் பெருமை தாங்காமல் ராக்கியண்ணன் ஒரு ரகசியத்தைச் சொன்னார். "எனக்குள்ள இன்னொரு கல்லு இருக்குதுங்க. சிறுநீரகத்துல. அவரைக்கொட்டை அளவுன்னு டாக்டர் சொன்னாரு."

சங்கம் மெய்சிலிர்த்தது. உள்ளூர்க் கல்! அதுவும் உறுப்பினரே தயாரித்தது! வெளியே எடுக்க நேரமில்லை என்பதால், கண்காட்சியன்று ராக்கியண்ணனையே நடுமேசையில் சம்மணமிட்டு உட்காரவைத்தார்கள். சட்டையில் 'எடுத்த இடம்: இன்னும் எடுக்கவில்லை' என்று ஒட்டினார்கள். கல் பேசாது என்பதால் அவரும் பேசக் கூடாது என்று ஏற்பாடு.

கலெக்டரம்மா வந்தார். 'கீழே', 'கீழே', 'கீழே' என்று வரிசையாகப் படித்துக்கொண்டே நடந்தார். பேராசிரியருக்கு வியர்த்துவிட்டது. நடுமேசைக்கு வந்ததும் கலெக்டரம்மா நின்றார்.

"யார் இவர்?"

ராக்கியண்ணன் பேசவில்லை.

"ஐயா, உங்களைத்தான். உடம்புக்கு எதாவதா?" என்று அவர் தோளைத் தொட்டார்.

"பொருளைத் தொடக் கூடாதுங்கம்மா!" என்று கத்தினார் தலைவர். கத்தினதோடு விட்டிருக்கலாம். பழக்கதோஷத்தில் ரெண்டு விசிலும் கொடுத்துவிட்டார்.

கலெக்டரம்மாவின் டிரைவர் வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். முன்பு டவுன்பஸ் ஓட்டியவர். ரெண்டு விசில் காதில் விழுந்ததுதான் தாமதம், திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார். வண்டி கண்மறைந்து போயிற்று. கலெக்டரம்மா பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

பேராசிரியர் திருஞானம் ரெண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார். "பாவிகளா! என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களேய்யா!" என்று அலறிவிட்டு, கலெக்டரம்மாவின் பின்னாலேயே ஓடினார்.

மூவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள்.

"யாரப்பா போட்டது?" என்றார் தலைவர்.

"நான் மேசையை விட்டே எறங்கலைங்க" என்றார் ராக்கியண்ணன்.

"நானும் போடலைங்க" என்றார் நாச்சிமுத்து. "ஆனா படிச்சவரு பொய் சொல்லுவாருங்களா?"

விழுந்த கல்லைத் தேடி மேசைக்கடியில் மூவரும் தவழ்ந்தார்கள். எங்கும் இல்லை. நாச்சிமுத்துவுக்குப் பொறிதட்டியது. தரையில் இல்லை என்றால் தலையோடு கொண்டுபோய்விட்டார்! இத்தனை கல்லில் ஒரு மெத்தப்படித்த மனுஷரை அலறவைத்தது அந்த ஒரு கல்தான். எவ்வளவு அபூர்வமானதாக இருக்கும்! அது திரும்பக் கிடைத்தால் அறையும் கிடைக்கும், பூவாத்தாளும் அண்ணன் வீட்டுக்குப் போகமாட்டாள். நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

"கல்லைக் காணோமுங்க. பேராசிரியர் கொண்டுபோயிட்டாருங்க."

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "என்ன கல்? என்ன நிறம்?"

"நாங்க பாக்கலைங்க."

"உங்க கல்லை நீங்களே பாக்கலையா? சரி, அவர் எங்கேருந்து எடுத்தார்?"

"அவரு எடுக்கலைங்க. நாங்கதான் அவரு தலையில தூக்கிப் போட்டமாமுங்க."

"யார் சொன்னது?"

"அவரே சொன்னாருங்க."

சப்-இன்ஸ்பெக்டர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். "மூணு பேரும் இப்பவே வெளிய போறீங்களா, இல்ல உள்ள தள்ளிக் கம்பி எண்ண வைக்கட்டுமா?"

நாச்சிமுத்து லாக்கப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆளில்லாத அறை. நல்ல விசாலம். கல் அடுக்குவதற்கென்றே கட்டின மாதிரி இருந்தது.

"எண்ணறமுங்க" என்றார் பணிவாக.

தலைவர் இந்தப் பக்கமிருந்து எண்ணினார். ராக்கியண்ணன் அந்தப் பக்கமிருந்து எண்ணினார். நாச்சிமுத்து நடுவிலிருந்து ஆரம்பித்தார். மூவருக்கும் மூன்று கணக்கு வந்தது. மறுபடி எண்ணினார்கள், ஆறு கணக்காயிற்று. சண்டை முற்றி, துண்டை முறுக்கும் அளவுக்குப் போனபோது, நாச்சிமுத்து மற்ற இருவரையும் கையமர்த்திவிட்டு, சப்-இன்ஸ்பெக்டரின் மேசைக்கு வந்து கைகட்டி நின்றார்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. குறுக்குக் கம்பியையும் சேத்துத்தான் எண்ணோணுமுங்களா?"