பங்கு போட்ட வைத்தியம்

கோணமங்கலத்து அண்ணன் தம்பி மூவருக்கும் ஒரு சட்டம் உண்டு: ஒரு ஆள் ஒரு வேலைதான் பார்க்க வேண்டும். மூத்தவர் இசக்கியப்பன் குடையைப் பிடிப்பார், நடுவுள்ள பூல்பாண்டி அதை விரிப்பார், கடைக்குட்டி உச்சிமாகாளி மழை பெய்கிறதா என்று பார்த்துச் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மூவரும் தொப்பலாக நனைந்திருப்பார்கள். அப்பேர்ப்பட்ட அறிவாளிக் குடும்பம்.

இசக்கியப்பனுக்கு இதயம் பலவீனமாகி இரண்டு காலும் வீங்கிவிட்டன. டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்.

"தினம் காலையில இந்த நீர் மாத்திரை ஒண்ணு. ஒண்ணுக்கு நிறையப் போகும், வீக்கம் வத்தும். கூடவே உடம்புல உள்ள பொட்டாசியமும் போயிரும். அது ரொம்பக் குறைஞ்சா உயிருக்கே ஆபத்து. அதனால தினம் ரெண்டு வாழைப்பழம் சாப்பிடணும். பத்தாம் நாள் ரத்தம் டெஸ்ட் பண்ணணும்."

வீட்டில் ஆலோசனை நடந்தது.

"மூணு வேலை, மூணு ஆளு. நமக்குன்னே சொன்ன மாதிரி இருக்கு. அண்ணனுக்கு மாத்திரை, எனக்குப் பழம்" என்றார் பூல்பாண்டி.

"அப்போ ரத்தம்?"

"உனக்குத்தாம்லே."

ஊசியென்றால் உச்சிமாகாளிக்கு நடுக்கம். ஆனாலும் அண்ணன் உயிராச்சே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாலே நாளில் வீக்கம் வற்றியது. ஏழாம் நாள் இசக்கியப்பனுக்குக் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது, நெஞ்சு படபடத்தது.

"ஒரு பழம் தாலே" என்று கெஞ்சினார்.

"உங்க வேலையை நீங்க பாருங்கண்ணே" என்றார் பூல்பாண்டி. அவர் கன்னம் நன்றாக உப்பியிருந்தது.

பத்தாம் நாள் உச்சிமாகாளி அண்ணன் பெயரைச் சொல்லித் தன் ரத்தத்தைக் கொடுத்தார். காகிதத்தைப் பார்த்த டாக்டர், "பொட்டாசியம் அருமையா இருக்கு. இப்படியே தொடருங்க" என்றார். அருமையாகத் தொடர்ந்தார்கள். மறுநாள் இசக்கியப்பன் எழுந்து நிற்க முடியாமல் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றி, பாவம், எப்படியோ பிழைக்க வைத்தார்கள். விஷயம் தெரிந்த டாக்டர் கத்தித் தீர்த்துவிட்டார்.

"மாத்திரை போடுற ஆளேதான் பழமும் சாப்பிடணும்! அதே ஆளோட ரத்தத்தைத்தான் பார்க்கணும்! புரியுதா?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் பூல்பாண்டி பெருமூச்சு விட்டார்.

"அண்ணனுக்காகச் சட்டத்தை மீறுதேன். பழம் ஏற்கெனவே பழகிப்போச்சு. இனிமே மாத்திரையையும் நானே போட்டுக்கிடுதேன், ரத்தமும் நானே குடுக்கேன்."

கட்டிலில் கிடந்த இசக்கியப்பன் தலையைத் தூக்கினார். "அப்போ எனக்கு ஒரு வேலையும் இல்லையாலே?"

"என்னண்ணே இப்படிக் கேக்கிய?" என்று அவர் காலைத் தொட்டார் உச்சிமாகாளி. "கால் வீங்கணும்லா, அத யாரு பாக்கது?"